கெட்ட வார்த்தையும் கொல்லும் வார்த்தையும்

எமது சஞ்சிகைகளின் உட்பக்கத்தில், முகவரிக்கும் சந்தா விபரத்துக்கும் கீழே, சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘இதில் வெளியாகும் கருத்துக்களுக்கு அவற்றை எழுதியவர்களே பொறுப்பு.’ சஞ்சிகை கொழும்பிலிருந்து வந்தாலும் பாரீசிலிருந்து வந்தாலும் ரொறன்ரோவிலிருந்து வந்தாலும் இந்த வரி பெரும்பாலும் மாறுவதில்லை. புகலிடத்தில் தொடங்கிய சிறு சஞ்சிகைகள் பல நின்றுபோய் விட்டன. அவற்றில் எழுதியவர்கள் சிலர் இறந்துபோனார்கள். இந்த வரி மட்டும் சாகவில்லை. வாசகர் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல இடங்கொடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் எழுதி வைப்பது இதைத்தான்.

இந்த வரியைப் பற்றியே நாம் பேச விரும்புகின்றோம். வாசகன் எழுதும் வசையை யார் களைவது, எதை அளவுகோலாக வைத்துக் களைவது என்ற கேள்வியை நாம் நெடுங்காலமாக இதன் பின்னால் ஒளித்து வைத்திருக்கின்றோம்.

முதலில் ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டுபாயில் டெய்ராப் பக்கம் ஒரு றூமில் நாம் எட்டுப் பேர் இருந்தோம். எல்லோருக்கும் றெஸ்ரோறன்ற் வேலை. கட்டிலுக்குக் கீழே ஓர் அப்பிள் பெட்டியில் அறுபது வரையான தமிழ்ப் புத்தகங்கள் சேர்ந்திருந்தன. ஊருக்குப் போய் வந்தவர்கள் கொண்டு வந்தவை, சென்னையில் வாங்கியவை, வேலை முடிந்து திரும்பிப் போனவர்கள் விட்டுச் சென்றவை. சார்ஜாவிலிருந்தும் அஜ்மானிலிருந்தும்கூட லீவு நாளில் ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். எடுப்பவர் கொப்பியின் முன்பக்கத்தில் பெயரும் திகதியும் எழுத வேண்டும். திருப்பித் தரும்போது, விரும்பினால், பின்பக்கத்தில் அபிப்பிராயம் எழுதலாம். பெட்டியையும் கொப்பியையும் பார்த்துக் கொள்ளும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. கம்பஸ் படிப்பை இடையில் விட்டு வந்தவர்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எமக்கு இருக்கவில்லை.

அந்தக் கொப்பியில் இரண்டு முறை வசை எழுதப்பட்டது.

முதலாவது, ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ நாவலைத் திருப்பித் தந்த ஒருவர் எழுதியது. போருக்குப் பிந்திய கிழக்கின் பெண்களைப் பற்றிய நாவல் அது. நாவலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியவளின் உடம்பைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார். இங்கு திருப்பிச் சொல்ல முடியாத வரிகள். ஸர்மிளாவுக்கு இது புதிதல்ல. 2012இல் பாலியல் தொழில் குறித்து பிபிசி தமிழுக்கு அவர் சொன்ன கருத்துக்காக மிரட்டல்கள் வந்தன, ஊரை விட்டு விலக வேண்டியதாயிற்று. 2015இல் அவர் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டதாகப் பொய்ச் செய்தியும் போலிப் படமும் பரப்பப்பட்டன. எமது கொப்பியில் இருந்தது அந்தப் பெரிய அருவருப்பின் ஒரு துளி. அன்றே அந்தத் தாளைக் கிழித்தோம். றூமில் எவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டாவது, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குச் சில நாட்களின் பின் எழுதப்பட்டது. பெயர் இல்லை. அழகான கையெழுத்து. ‘தயவுசெய்து அவையள் எடுத்துக்கொண்டு போற புத்தகங்களைத் திருப்பி வாங்கேக்குள்ள, உள்ளுக்கை என்ன இருக்கெண்டு பாத்து வாங்குங்கோ.’

இதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. ‘தயவுசெய்து’ என்று தொடங்குகிறது. ‘வாங்குங்கோ’ என்று மரியாதையில் முடிகிறது. நாமும் படித்தோம், கொஞ்சம் சங்கடப்பட்டோம், கிழிக்கவில்லை. அந்த வரி மூன்று கிழமை அங்கேயே கிடந்தது.

எம்மிடம் ஒழுங்காகப் புத்தகம் எடுத்தவர்களில் காத்தான்குடியைச் சேர்ந்த நானா ஒருவர் இருந்தார். அடுத்த தெருவில் பரோட்டாப் போடுகிறவர். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றபோது அவர் சிறுபையன். அதைப் பற்றி அவர் எம்மோடு பேசியதில்லை, நாமும் கேட்டதில்லை. அன்று புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, வழமைபோலக் கொப்பியைப் புரட்டினார். பிறகு மூடினார். புதிதாக ஒன்றும் எடுக்கவில்லை. என்ன நானா என்று கேட்டபோது சொன்னார்: “இதில ஊத்தைப் பேச்சு ஒண்டும் இல்லத்தான் தம்பி. ஆனா வாசிச்ச எனக்குத் தெரியும்தானே, ஆருக்கு எழுதினதெண்டு.”

ஊத்தைப் பேச்சை அன்றே கிழித்த நாம், இதை மூன்று கிழமை விட்டு வைத்தோம். இந்தக் கட்டுரை அந்த மூன்று கிழமையைப் பற்றியது.

*

வசையை எப்படி வாசிப்பது என்பது எமது மொழிக்குப் புதிய பிரச்சினை அல்ல. தொல்காப்பியத்தின் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம்; அதற்கே வசை என்று பெயர். பழிப்பை உள்ளே மறைத்து வைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். ஏசுகிறவன் எப்போதும் உரத்துத்தான் ஏசுவான் என்று எமது பழைய இலக்கணகாரர் நம்பவில்லை. சொல் ஒன்றாகவும் அது சென்று தைக்கும் இடம் வேறொன்றாகவும் இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அச்சு யந்திரம் வந்த பின் செம்பொருளுக்குப் பெரிய களம் கிடைத்தது. ஆறுமுகநாவலர் அணியும் இராமலிங்க அடிகளார் அணியும் நடாத்திய அருட்பா மருட்பாப் போரின் துண்டுப் பிரசுரங்களை இன்று படிப்பவர், அந்தக் காலத்து அறிஞர்கள் எல்லாம் நாகரிகமாகத்தான் வாதாடினார்கள் என்ற மயக்கத்தை விட்டுவிடுவார். 1869இல் அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. ஆனால் அந்தப் பிரசுரங்கள் யாரையும் கொல்லவில்லை. ஏசியவர்களின் பெயர் தெரிந்திருந்தது, ஏசப்பட்டவர்கள் திருப்பி அச்சடித்தார்கள்.

கொன்ற சொற்கள் பின்னால் வந்தன. ‘துரோகி’ என்ற சொல்லை எடுத்துக் கொள்வோம். இதை எந்த அகராதியும் கெட்ட வார்த்தை என்று சொல்லாது. பாடப்புத்தகத்தில் வரக்கூடிய சொல். யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலடியில் சுடப்படுவதற்கு முன்னரே, மேடைகளில் அந்தச் சொல்லால் சுட்டப்பட்டுவிட்டார். அதன்பிறகு அது வெறும் பழிச்சொல்லாக இருக்கவில்லை. ஒருவரை அப்படி அழைத்தால் அவருக்கு என்ன நடக்கலாம் என்று சொன்னவருக்கும் கேட்டவருக்கும் தெரிந்திருந்தது. ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வருள் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்டார். சபாரட்ணம் சபாலிங்கம் 1994 மே 1ஆம் திகதி பாரீசில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அகதிகளாய்ப் போன இடத்திலும் சொல் எமக்கு முன்னால் போய் நின்றது.

இந்த வரலாறு உள்ள ஒரு மொழியில், கெட்ட வார்த்தைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வசையைத் தேடுவது எவ்வளவு அறியாமை! தமிழில் ஆளைக் கொல்லும் சொற்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’, ‘வந்தேறி’ என்பவை எல்லாம் தனித்தனியே பார்த்தால் சாதாரண சொற்கள். ‘அவள் வெளிநாட்டுக்குப் போய் வந்தவள்’ என்ற வாக்கியத்தில் என்ன குற்றம் இருக்கிறது? ஆனால் சவூதியிலும் குவைத்திலும் வீட்டுவேலை செய்து, அனுப்பிய காசில் தம்பியைப் படிப்பித்துவிட்டு ஊர் திரும்பிய பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வாக்கியத்தை ஊரார் எந்தக் குரலில் சொல்வார்கள் என்று. இது பழிகரப்பு. ஊர் தெரிந்தவனுக்குத்தான் இது கேட்கும்.

*

இனி நாம் இருக்கும் இந்த வளைகுடாவுக்கு வருவோம்.

ஐக்கிய அரபு எமிரேட்சில் ரெலிபோன், கணினி வழியாக ஒருவரை அவமதிப்பது குற்றம். 2012ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொன்னது. அதன் இடத்தில் வந்து 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டமும் அதையே சொல்கிறது. தண்டனை சிறை, அல்லது 250,000 முதல் 500,000 திர்ஹம் வரை தண்டப்பணம், அல்லது இரண்டும். வெளிநாட்டவர் நாடு கடத்தப்படவும் கூடும். மாதம் 2,000 திர்ஹம் வாங்கும் ஒரு சமையற்காரர் சாப்பிடாமல், ஊருக்கு ஒரு சதமும் அனுப்பாமல் சேர்த்தால், ஆகக் குறைந்த தண்டத்தைக் கட்ட 125 மாதம் வேண்டும். பத்து வருடமும் ஐந்து மாதமும். இதைத் தவிர மத, இன வெறுப்புக்கு எதிராக 2015இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது.

நல்லதுதானே, ஏச்சுக்கு இவ்வளவு கடுமையான தண்டனை இருந்தால் ஏச்சு ஒழிந்துவிடுமே என்று தோன்றலாம். நாம் கண்டது வேறு. செம்பொருள் குறைந்தது, பழிகரப்பு வளர்ந்தது. அதைவிட, ‘பொலிசுக்குப் போவன்’ என்பதே ஒரு வசையாகிவிட்டது. கடன் தகராறிலும் கட்டில் தகராறிலும், மற்றவன் கோபத்தில் அனுப்பிய ஒரு வரியைப் பத்திரமாக வைத்திருந்து அவனை வெருட்டுகிறார்கள். பொது இடம் ஒன்றை நடாத்துபவர்களோ இன்னொரு எல்லைக்குப் போனார்கள். அரசியல் பேசாதே, சமயம் பேசாதே, சாதி பேசாதே என்று எழுதி ஒட்டினார்கள். ஏச்சோடு சேர்த்து விமர்சனத்தையும் வெளியே போட்டார்கள். அமைதி வந்தது உண்மை. பயத்தினால் வந்த அமைதி அது.

2020 ஏப்ரலில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். கொரோனா பரவத் தொடங்கி, மார்ச் மாதம் டில்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் கூட்டத்தோடு நோய் தொடர்புபடுத்தப்பட்டதும், முஸ்லிம்கள்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்ற வெறுப்புப் பேச்சு இந்தியாவில் எழுந்தது. அதை எமிரேட்சில் வேலை செய்த இந்தியர்கள் சிலரும் தங்கள் பெயரிலேயே எழுதினார்கள். ஷார்ஜா ஆளும் குடும்பத்து இளவரசி ஒருவர் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பாகுபாடின்மை இரு நாடுகளுக்கும் பொதுவான விழுமியம் என்று ஏப்ரல் 20ஆம் திகதி இந்தியத் தூதுவர் பவன் கபூர் தம் நாட்டவர்க்கு நினைவூட்டினார். அடுத்தடுத்துப் பலர் வேலை இழந்தார்கள். வேலை இழந்தோ இடைநிறுத்தப்பட்டோ பத்திரிகையில் வந்தவர்களுள் ஒரு சமையற்காரர், ஒரு களஞ்சியக் காப்பாளர், ஒரு காசாளர் இருந்தார்கள்.

றெஸ்ரோறன்றுகள் மூடிக் கிடந்த அந்த நாட்களில் நாம் றூமுக்குள் இருந்து இந்தச் செய்திகளைப் படித்தோம். சமையற்காரர் என்ற சொல் எம்மைத் தடுத்து நிறுத்தியது. அவர் எழுதியது மன்னிக்கத் தக்கதல்ல. தன் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டியவனின் சமயத்தை அவர் நோய் என்றார். அதற்கு எதிர்வினை வேண்டும்தான். ஆனால் அந்த எதிர்வினை யாரிடமிருந்து வந்தது? முதலாளியிடமிருந்து. அவருடைய மொழியில், அவர் எழுதியதை வாசித்து, இது ஏன் பொய், இது ஏன் அநியாயம் என்று அவருக்குச் சொன்னவர் எவருமில்லை. வெங்காயம் வெட்டியவனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னவரும் இல்லை. வேலையும் விசாவும் ஒரே நூலில் தொங்கும் நாட்டில் அந்த நூலை வெட்டினார்கள், அவ்வளவுதான். அவர் அந்த வெறுப்பையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறியிருப்பார்.

எமக்குள் இருந்த இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சமையற்காரர் செம்பொருளில் எழுதியதால் பிடிபட்டார். எமது கொப்பியில் எழுதியவர் பழிகரப்பில் எழுதியதால் பிடிபடவில்லை. இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்.

*

சட்டம் ஒரு புறமிருக்க, மொழி தெரியாதவன் கையில் இந்த வேலை போனால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கை போதுமான சாட்சி.

2018 மார்ச்சில் கண்டி, திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தது. அந்தக் காலத்தில், குழந்தையைக்கூட விடாமல் முஸ்லிம்களைக் கொல்லச் சொன்ன ஒரு சிங்களப் பதிவைப் பற்றி முறையிட்டபோது, அது தங்கள் விதிகளை மீறவில்லை என்று பேஸ்புக் பதில் சொன்னது. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கு போதுமான அளவு இருக்கவில்லை. அந்த வன்முறையில் தனது பங்குக்காக அந்த நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. தமிழில் நடந்ததும் இதுதான். சஹ்ரான் ஹாசிம் தன் வெறுப்பை ஒளித்துப் பேசவில்லை, எமது மொழியில் உரத்துப் பேசினான். அவனைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

தமிழ் தெரியாதவர் வெறுப்பைக் காணத் தவறுவது ஒரு பக்கம். வெறுப்பு இல்லாத இடத்தில் அதைக் காண்பது மறுபக்கம். மன்னார் மாவட்டத்து இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீம், 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவருடைய ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்றார்கள். தமிழ் தெரிந்தவர்கள் அதை வாசித்து, இவை வன்முறையை எதிர்க்கும் கவிதைகள் அல்லவா என்று சொன்னார்கள். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு கவிதைத் தொகுப்பைத் தவறாக வாசித்ததற்கு ஓர் இளைஞன் ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தான்.

வளைகுடாவில் இதைவிடக் கொடிய உதாரணமும் உண்டு. மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன றிசானா நபீக்கின் தமிழ் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்ல என்பது அவருடைய வழக்கில் எழுந்த முக்கியமான ஆட்சேபங்களில் ஒன்று. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருடைய தலை வெட்டப்பட்டது. அது வசையைப் பற்றிய வழக்கு அல்லத்தான். ஆனால் எமது சொற்களை அந்நியர் வாசித்துத் தீர்ப்புச் சொல்லும்போது எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இந்த மண்ணில் இருக்கும் நாம் மறக்க முடியாது.

வசையைக் களைவது அடிப்படையில் ஒரு வாசிப்பு வேலை. ஒரு வரியை எடுத்து, யார் யாருக்குச் சொன்னது, எந்த நாளில் சொன்னது, இதற்கு முன் இந்தச் சொல் எங்கெல்லாம் போய் வந்தது என்று பார்க்கிற வேலை. விமர்சகன் கவிதைக்குச் செய்வதும் இதைத்தான். இதைச் சட்டத்திடமும் கம்பனியிடமும் முதலாளியிடமும் விட்டுவிட்டு, ‘எழுதியவர்களே பொறுப்பு’ என்று நாம் கை கழுவ முடியாது.

*

இங்கு எமது நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். ‘வெட்டுவது என்று தொடங்கினால் அது தணிக்கைதானே? அரசிடமும் இயக்கங்களிடமும் வாய்ப்பூட்டு வாங்கித்தானே ஓடி வந்தோம்? இங்கு வந்து நாமே கத்தரிக்கோலைத் தூக்குவதா?’ இந்தப் பயம் நியாயமானது. மாற்றுக் கருத்துக்காகப் புகலிடத்தில் சஞ்சிகை நடாத்தியவர்கள், யார் எதை எழுதினாலும் போட வேண்டும் என்று நினைத்ததற்கு இதுவே காரணம். ஆனால் விளைவு என்ன? பெயரில்லாத கடிதங்களில் குடும்பத்துப் பெண்கள் இழுக்கப்பட்டார்கள். கட்டுரைக்குப் பதில் எழுதாமல் கட்டுரையாளனின் சாதிக்குப் பதில் எழுதினார்கள். அடுத்த இதழில் எழுத இருந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், எழுதாமல் போனார்கள். அவர்களுடைய வாயை மூடியதற்குத் தணிக்கை என்று பெயர் வைக்கவில்லை என்பதால் அது தணிக்கை இல்லாமல் போய்விடுமா?

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எஸ்தோனியாவின் டெல்பி என்ற செய்தி நிறுவனம் 2006இல் ஒரு கப்பல் கம்பனியைப் பற்றி எழுதியது. அதன் கீழ் வாசகர்கள் எழுதியவற்றுள் கம்பனி உரிமையாளருக்கு எதிரான மிரட்டல்களும் வெறுப்புப் பேச்சும் இருந்தன. ஆறு கிழமை அவை நீக்கப்படவில்லை. அதற்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது தவறில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2015 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2016 பெப்ரவரியில் ஹங்கேரியிலிருந்து வந்த இன்னொரு வழக்கில், வாசகர் எழுதியது ஆபாசமான, கொச்சையான பேச்சுத்தான், வெறுப்புப் பேச்சோ மிரட்டலோ அல்ல என்று சொல்லி, வெளியிட்டவர்களின் பக்கம் நின்றது. அதாவது ஊத்தை வேறு, மிரட்டல் வேறு. நானா டெய்ராவில் ஒரு கட்டில் விளிம்பில் இருந்து சொன்னதும் இதைத்தான்.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் திகதி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் செல்லாததாக்கியதையும் இங்கு சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘எரிச்சலூட்டுவது’, ‘அசௌகரியம் தருவது’ போன்ற மங்கலான சொற்களை வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. இலங்கையோ 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்ற பெயரில் மறுபடியும் மங்கலான சொற்களிடமே போயிருக்கிறது. எரிச்சல் ஒரு அளவுகோல் அல்ல. நல்ல விமர்சனம் எதுவும் எரிச்சலூட்டாமல் இருந்ததில்லை.

எனவே எமது அளவுகோல் என்ன? ஒரு வரியைப் பார்த்து ‘இது எவ்வளவு அசிங்கம்?’ என்று கேட்காமல், ‘இந்த வரி இங்கு கிடந்தால் யார் இனி இங்கு வந்து இருக்க மாட்டார்?’ என்று கேட்க வேண்டும். ஒரு கவிதையைக் குப்பை என்று சொன்னால் கவிஞருக்கு நோகும், ஆனால் அவர் திரும்பி வந்து சண்டை பிடிக்கலாம். அவர் துரோகி, அவர் இன்ன சாதி, அவளுடைய நடத்தை இப்படி, அவர்களை நம்ப முடியாது என்று சொன்னால், அவர் திரும்பி வந்து என்ன சொல்ல முடியும்? முதலாவது வாதத்தைத் தொடங்கி வைக்கிறது. இரண்டாவது ஆளை எழுப்பி அனுப்பிவிடுகிறது.

வெட்டுகிறவனுக்கும் கட்டுப்பாடு வேண்டும். வெட்டியவன் தன் பெயரையும் காரணத்தையும் அதே இடத்தில் எழுத வேண்டும். வசையை வெட்டலாம், அதற்குள் இருக்கும் குற்றச்சாட்டை வெட்டக்கூடாது. ‘இன்னார் காசைச் சுருட்டிவிட்டான், அவன் சாதிப்புத்தி அது’ என்று ஒருவர் எழுதினால், சாதியை எடுத்துவிட்டுக் காசைப் பற்றிய கேள்வியை அப்படியே விட வேண்டும். தாக்கப்பட்டவருக்கு அதே பக்கத்தில் பதில் சொல்ல இடம் தர வேண்டும். வெட்டியதை அழித்துவிடாமல் எடுத்து வைக்கவும் வேண்டும், நாளை எமது கத்தரிக்கோலையும் ஒருவர் விசாரிக்கலாம் என்பதற்காக. ஸர்மிளாவைப் பற்றிய அந்தத் தாளைக் கிழித்தெறிந்ததில் நாம் செய்த பிழையும் இதுதான். ஏன் கிழித்தோம் என்று எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால், அதைக் காரணம் சொல்லிப் பழகியிருந்தால், இரண்டாவது வரி வந்தபோது மூன்று கிழமை வாய் பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டோம்.

*

நானா சொல்லிவிட்டுப் போன அன்றிரவு கொப்பியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தோம். எழுதியவர் வேறு யாருமல்ல, எமது றூமில் மேல் கட்டிலில் படுக்கிற முல்லைத்தீவுத் தம்பி. 2009இல் முள்ளிவாய்க்காலால் தாய் தகப்பனோடு வெளியே வந்தவன், செட்டிகுளம் முகாமில் இருந்தவன். கேட்டோம்.

“அண்ணை, பகிடிக்குத்தான் எழுதினனான்.”

“ஓமந்தையில உன்ர பையைக் கொட்டிப் பாத்தது பகிடிக்கே?”

அவன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து, பேனையை வாங்கி, அந்த வரிக்குக் கீழே தன் பெயரை எழுதினான். மன்னிப்பு ஒன்றும் எழுதவில்லை. நாமும் எழுதச் சொல்லவில்லை. அதற்குக் கீழே, இந்த வரியை மூன்று கிழமை இங்கே கிடக்க விட்டது எமது பிழை என்று எழுதி, பொறுப்பாயிருந்தவர்களின் பெயர்களையும் எழுதினோம். கிழிக்கவில்லை.

அடுத்த லீவு நாளில் நானாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். வாசித்தார். “இப்பயாவது ஆரெண்டு தெரியுதே” என்றார். தேத்தண்ணி குடித்தார். மேல் கட்டில் தம்பியோடு ஊர்மழையைப் பற்றிக் கதைத்தார். ஆனால் புத்தகம் எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. 2020இல் வேலை போய் ஊருக்குத் திரும்பினார்.

கொப்பி இப்போதும் இருக்கிறது. றூம் மாறிவிட்டோம், பெட்டி இரண்டாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இதை ஏன் கிழிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறோம். கொப்பியின் முதல் பக்கத்தில், ‘கருத்துக்களுக்கு எழுதியவர்களே பொறுப்பு’ என்ற வரியை ஒரு காலத்தில் நாமும் எழுதி வைத்திருந்தோம். அதை வெட்டிவிட்டோம். பக்கத்தில் காரணத்தையும் எமது பெயர்களையும் எழுதியிருக்கிறோம்.